கையொப்பம் செல்லாது என்று நின்றுபோன பிரவுசிங் சென்டர் கணினி

இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, எச்81 போர்டு, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, 64 பிட் விண்டோஸ் 10. பிரவுசிங் சென்டரில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிஸ்டம் இது. பான் கார்டு விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி பதிவு, ஹால் டிக்கெட் பிரிண்ட் என்று கடையின் பாதி வருமானம் இதில்தான். பவர் பட்டனை அழுத்தினால் போர்டின் லோகோ வரும், அடுத்த நொடியே நீலத் திரை. விண்டோஸ் செத்து விழும்போது வருமே, சோக முகம் போட்ட திரை, அது இல்லை. 'ரெக்கவரி' என்று தலைப்புப் போட்ட இன்னொன்று. ஒரு கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தை (கோப்பைத் தந்தது யார், இடையில் யாரும் மாற்றவில்லை என்பதற்கான அடையாளத்தை) சரிபார்க்க முடியவில்லை, ஆகவே இயங்குதளத்தை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி. கீழே கோப்பின் பெயர். அதற்கும் கீழே 0000428 என்று முடியும் பிழை எண்.

"ஃபார்மட் அடிச்சிரு தம்பி, டேட்டா எதுவும் பெருசா இல்ல" என்றார் கடைக்கார அண்ணன்.

நம்மூரில் எல்லா நோய்க்கும் ஃபார்மட்தான் மருந்து. இந்த நோய்க்கும் அது பலிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் கைரேகைக் கருவி, இரண்டு பிரிண்டர், ஸ்கேனர், அண்ணன் அடிக்கடி பயன்படுத்தும் டோக்கன் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி ஓட வைப்பதற்கு முழுப் பொழுதும் போய்விடும். அதைவிட முக்கியமாக, அதே கடையில் இதே மாதிரி அமைத்த இன்னும் நான்கு சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தன. காரணம் தெரியாமல் ஒன்றை அழித்து எழுதினால் நாளைக்கு இன்னொன்று படுக்கும். அதனால் முதலில் திரையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பிழையில் பாதி விடை திரையிலேயே இருக்கிறது. கோப்பின் பெயரைப் பார்த்தால் போதும். வின்லோட் என்று வந்தால் விண்டோஸை ஏற்றும் பூட் லோடரிலேயே சிக்கல். அது வேறு கதை. 2019 ஆகஸ்டில் விண்டோஸ் 7 கணினிகள் சில இப்படித்தான் நின்றன. அந்த மாதத்திலிருந்து அப்டேட்களை ஷா-2 என்ற புதிய முறையில் மட்டும் கையொப்பமிட்டு அனுப்ப ஆரம்பித்தார்கள். இஎஃப்ஐ என்ற புதிய வகை பயாஸ் முறையில் பூட் ஆகும் 64 பிட் கணினிகளில் கேபி3133977 என்ற பழைய அப்டேட்டைப் போடாமல் விட்டிருந்தால், பழைய பூட் மேனேஜருக்குப் புதுக் கையொப்பம் புரியாது. இதே 428 வரும், கோப்பு வின்லோட் டாட் இஎஃப்ஐ என்று காட்டும். அங்கே டிரைவரை, அதாவது கருவிகளை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளை, தேடி அலைவது வீண்.

என்டிஎஃப்எஸ், டிஸ்க் போல விண்டோஸின் சொந்த டிரைவர் பெயர் வந்தால் எஸ்எஸ்டியையும் ராமையும் சந்தேகப்பட வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அதிலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான ஹாஷ் மாறும், ஹாஷ் மாறினால் கையொப்பம் பொருந்தாது. அப்போது வட்டின் ஆரோக்கியத்தைப் பார்த்துவிட்டு, பென்டிரைவில் பூட் செய்து, விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்த்துத் திருத்தும் எஸ்எஃப்சி கட்டளையை ஆஃப்லைனில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இங்கே வந்தது இரண்டுமில்லை. சிஸ்டம்32-இன் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் ஆறெழுத்துப் பெயரில் ஒரு டாட் சிஸ் கோப்பு. விண்டோஸோடு வரும் எந்தக் கோப்புக்கும் அந்தப் பெயர் கிடையாது. வெளியாள்.

சரி, வெளியாளைக் கொஞ்ச நேரத்துக்கு உள்ளே விட்டுப் பார்க்கலாம். அதே நீலத் திரையில் எஃப்8 அழுத்தினால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் பட்டியல் வரும். அதில் 7, டிரைவர் கையொப்பச் சோதனையை நிறுத்தும் தேர்வு. அழுத்தியதும் விண்டோஸ் எந்தக் குறையும் இல்லாமல் டெஸ்க்டாப் வரை வந்தது. எஸ்எஸ்டி நல்லபடி, விண்டோஸ் நல்லபடி, பூட் லோடர் நல்லபடி. மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி நீலத் திரை. 7 என்ற தேர்வு அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் செல்லும்.

அண்ணனுக்கு இதுவே போதும் என்று தோன்றிவிட்டது. "காலைல கடை தொறக்கும்போது எஃப்8, 7 அவ்ளோதான? நானே அமுக்கிக்கிறேன்." கரண்ட் போய் வரும் ஊரில், யுபிஎஸ் பேட்டரி பாதி செத்த கடையில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை அமுக்குவார்? அது கிடக்கட்டும். கையொப்பச் சோதனையை நிறுத்தி ஓட்டுகிற நேரம் முழுவதும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் எந்த டிரைவர் வேண்டுமானாலும் நுழையலாம். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து பென்டிரைவ் செருகும் சிஸ்டத்தில், அவர்கள் நெட் பேங்கிங் கடவுச்சொல் அடிக்கும் சிஸ்டத்தில், அது வேண்டாம் என்றேன்.

7 வழியாக உள்ளே வந்த நிலையில் அந்தக் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தேன். டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற டேப் இருந்தது. அதாவது கையொப்பமே இல்லாத கோப்பு இல்லை. சான்றிதழைத் திறந்து பார்த்தால் வழங்கியவர், பெற்றவர் இரண்டு இடத்திலும் ஒரே பெயர். காலாவதி நாள் 01-01-2040.

இந்தத் தேதியைப் பார்த்ததும் கதை பாதி புரிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் முன்பு தந்துவந்த மேக்சர்ட் என்ற கருவியில் காலாவதி நாளைக் குறிப்பிடாமல் சான்றிதழ் உருவாக்கினால் அது தானாக 2039 டிசம்பர் 31, கிரீன்விச் நேரம் நள்ளிரவு வரை என்று போட்டுக்கொள்ளும். நம் நேரத்தில் அது 2040 ஜனவரி 1 ஆகிவிடும். தொழில்முறையாக டிரைவர் விற்கும் எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு சான்றிதழோடு பொருளை வெளியே விடாது. எவரோ வீட்டில் உட்கார்ந்து செய்தது. தன் சாதிச் சான்றிதழில் தானே தாசில்தார் கையெழுத்தைப் போட்டுக்கொண்டது போல.

என்ன மென்பொருள் என்று அண்ணனிடம் கேட்டேன். பிரவுசிங் சென்டர்களிலும் பள்ளிக் கணினி ஆய்வகங்களிலும் போடுவார்களே, ரீஸ்டார்ட் செய்தால் சிஸ்டம் பழைய நிலைக்கே திரும்பிவிடும் வகை. வருபவர்கள் எதை டவுன்லோட் செய்தாலும், எந்த வைரஸைக் கொண்டு வந்தாலும், மறுநாள் காலை ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நல்ல யோசனைதான். முன்பு வந்த சர்வீஸ் ஆள் அதன் கிராக் பதிப்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். லைசென்ஸ் சோதனையை எடுப்பதற்காக டிரைவர் கோப்பையே யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். வெட்டியதும் அசல் கம்பெனியின் கையொப்பம் உடைந்துவிட்டது. அதனால் தாமே ஒரு சான்றிதழ் செய்து, அதை வைத்துக் கையொப்பம் போட்டிருக்கிறார்கள்.

64 பிட் விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்தே, அதாவது 2007 முதலே, கெர்னலில் ஏறும் டிரைவருக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட கையொப்பம் கட்டாயம். 32 பிட் பதிப்பில் அந்தக் கண்டிப்பு இல்லை. பழைய சிஸ்டங்களில் ஓடியது இதில் ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களுக்குப் பாதி நேரம் இதுதான் பதில். 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து இன்னும் இறுக்கினார்கள்: புதிதாக நிறுவிய, செக்யூர் பூட் (பூட் ஆகும்போதே கையொப்பத்தைச் சோதிக்கும் வசதி) போட்ட கணினியில், புது கெர்னல் டிரைவர் மைக்ரோசாஃப்ட் வழியாகவே கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். 2015 ஜூலை 29-க்கு முன்னால் வழங்கிய சான்றிதழ்களில் கையொப்பமிட்டவற்றுக்கும், பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்திய கணினிகளுக்கும், செக்யூர் பூட் இல்லாதவற்றுக்கும் விலக்கு உண்டு. இந்தச் சிஸ்டம் லெகசி என்ற பழைய பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்பு உள்ள வட்டில் நிறுவியது, ஆகவே செக்யூர் பூட் என்ற பேச்சே இல்லை. இருந்தும் தானே செய்த சான்றிதழ் எந்த விலக்கிலும் வராது. அப்படியானால் இத்தனை காலம் எப்படி ஓடியது?

அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் பிசிடிஎடிட் என்று மட்டும் அடித்தேன். பூட் அமைப்புகளின் பட்டியலில் ஒரு வரி:

டெஸ்ட்சைனிங் — நோ

'நோ' என்று இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் யாரும் கை வைக்காத விண்டோஸில் இந்த வரியே இருக்காது. 'நோ' என்று ஒரு வரி இருக்கிறது என்றால் யாரோ ஒரு காலத்தில் 'ஆன்' செய்து, பிற்பாடு 'ஆஃப்' செய்திருக்கிறார்கள். டெஸ்ட்சைனிங் என்பது டிரைவர் எழுதுபவர்கள் தங்கள் கோப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்த வசதி. அது ஆனில் இருந்தால் வீட்டில் செய்த சான்றிதழையும் கெர்னல் ஏற்றுக்கொள்ளும். அடையாளத்துக்கு டெஸ்க்டாப்பின் வலது கீழ் மூலையில் 'டெஸ்ட் மோட்' என்று எழுதியிருக்கும்.

"அண்ணே, வலது கை மூலைல எழுத்து ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஆமா, ரொம்ப நாளா. அக்கா பையன் லீவுக்கு வந்தான்ல, அவன்தான் யூடியூப் பாத்து எடுத்துட்டான்."

பையன் மேல் குற்றம் இல்லை. சோதனை முறையை ஆஃப் செய்ததுதான் சரியான செயல். அந்த வீடியோவில் சொன்ன கட்டளையை அப்படியே அடித்திருக்கிறான், எழுத்தும் போய்விட்டது. அந்த எழுத்தின் நிழலில் ஒரு செல்லாத டிரைவர் பிழைத்துக்கொண்டிருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒன்று மட்டும் முதலில் இடித்தது. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் சிஸ்டத்தில், பையன் செய்த இந்த மாற்றம் மட்டும் எப்படி நிலைத்தது? சிஸ்டத்தை அதே நிலையில் உறைய வைக்கும் அந்த மென்பொருளின் வேலை உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க டெஸ்க்டாப்பில் ஒரு காலி நோட்பேட் கோப்பைப் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்து, எஃப்8, 7 வழியாக வந்து பார்த்தேன். கோப்பைக் காணோம். அப்படியானால் வேலை நடக்கிறது.

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்ததும் விடை கிடைத்தது. எம்பிஆர் முறையில் நிறுவிய விண்டோஸில் 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்று சில நூறு எம்பி அளவில் தனியாக ஒரு சிறிய பார்ட்டிஷன் இருக்கும். பூட் அமைப்புகளின் கோப்பு இருப்பது அங்கே. உறைய வைத்திருந்தது சி டிரைவை மட்டும். ஆகவே சி டிரைவில் என்ன செய்தாலும் அழியும், பூட் அமைப்பில் செய்தது மட்டும் நிற்கும். எனக்கு இது ஒரு எச்சரிக்கையும்கூட. 7 வழியாக உள்ளே வந்து, விண்டோஸின் அமைப்புகள் எழுதியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் நான் எதைத் திருத்தினாலும் அடுத்த பூட்டில் அதுவும் காற்றில் போய்விடும். திருத்தம் வெளியிலிருந்துதான் நடக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழி கை நீட்டிக் கூப்பிடும். டெஸ்ட்சைனிங்கைத் திரும்ப ஆன் செய்தால் ஒரே கட்டளையில் எல்லாம் பழையபடி ஓடும், மூலையில் எழுத்து மட்டும் திரும்ப வரும். சர்வீஸுக்கு வருபவர்களில் பலர் அதைத்தான் செய்வார்கள், வாடிக்கையாளரும் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். நான் செய்யவில்லை. கிராக் செய்தவர் லைசென்ஸ் சோதனையை மட்டும்தான் வெட்டினாரா, கூடவே எதையாவது ஒட்டினாரா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கோப்பு உட்கார்ந்திருப்பதோ வட்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில். படிப்பது, எழுதுவது எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். அசல் கையொப்பம் இருப்பதால் மட்டும் ஒரு டிரைவர் யோக்கியமாகிவிடாது, அது உண்மை. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட்டின் டிரைவர்கள் தைவானின் இரண்டு கம்பெனிகளிடமிருந்து திருடிய சான்றிதழ்களில் கையொப்பமிட்டவை, விண்டோஸ் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது. ஆனாலும் கதவுக்குப் பூட்டுப் போடுவதே வீண் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

முடிவு: டிரைவரைத் தூக்க வேண்டும். முறைப்படி அன்இன்ஸ்டால் செய்யப் பார்த்தேன். கடவுச்சொல் கேட்டது. போட்டுத் தந்தவர் இப்போது தொழிலிலேயே இல்லையாம்.

கையால் தூக்குவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கோப்பை அழித்தால் போதும், அல்லது அதை ஏற்றச் சொல்லும் சர்வீஸ் பதிவை நிறுத்தினால் போதும் என்று இறங்கினால் 428 போய், அடுத்து 7பி என்று முடியும் நீலத் திரை வந்து நிற்கும். பூட் வட்டை அணுக முடியவில்லை என்று பொருள். ஏனென்றால் இது தனியாக ஓடும் டிரைவர் இல்லை, இன்னொரு டிரைவரின் மேல் ஏறி உட்காரும் ஃபில்டர் டிரைவர். வட்டு வகைக் கருவிகள் அனைத்துக்கும் மேலே இதை ஏற்று என்று ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருக்கும். அங்கே பெயர் இருந்து, ஏற்றக் கோப்பு இல்லாவிட்டால், விண்டோஸ் அந்த வட்டையே இயக்காது. பூட் ஆகும் வட்டே அதுதான் என்றால் முடிந்தது கதை. ஆகவே முதலில் பட்டியலில் பெயரை எடுக்க வேண்டும், பிறகுதான் சர்வீஸ்.

இன்னொரு கணினியில் விண்டோஸ் 10 நிறுவல் பென்டிரைவ் தயார் செய்து அதில் பூட் செய்தேன். முதல் திரையிலேயே ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் வந்துவிடும், ரிப்பேர் மெனுவுக்குள் நடந்து போகத் தேவையில்லை. இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷன் சி ஆகி, நம் விண்டோஸ் டி ஆகியிருந்தது. டிர் அடித்து உறுதி செய்துகொள்வது நல்லது.

முதல் வேலை, டி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம் என்ற கோப்பைப் பென்டிரைவுக்கு நகல் எடுத்தேன். ரெஜிஸ்ட்ரியின் இந்தப் பகுதி போனால் விண்டோஸே போச்சு. ரெக்பேக் ஃபோல்டரில் தானாக நகல் இருக்குமே என்று முன்பு தைரியமாக இருக்கலாம்; விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தத் தானியங்கி நகல் நின்றுவிட்டது, அங்கே போய்ப் பார்த்தால் கோப்புகள் சுழியம் கேபியில் கிடக்கும்.

ரெஜ்எடிட் அடித்துத் திறந்தேன். திறந்ததும் தெரிவது பென்டிரைவின் ரெஜிஸ்ட்ரி, நம் விண்டோஸுடையது இல்லை. எச்கீ லோக்கல் மெஷினைத் தேர்ந்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுத்து, டி டிரைவின் சிஸ்டம் கோப்பைக் காட்டி, 'பழசு' என்று பெயர் வைத்தேன். வெளியிலிருந்து பார்க்கும்போது கரன்ட் கன்ட்ரோல்செட் என்ற கிளை இருக்காது. செலக்ட் என்ற கிளையில் கரன்ட் மதிப்பு 1 என்றிருந்தது, ஆகவே திருத்த வேண்டியது கன்ட்ரோல்செட்001.

அதற்குள் கன்ட்ரோல், கிளாஸ். நீளமான எண் பெயர்களோடு ஒரு பட்டாளமே நிற்கும். வட்டு வகையின் பெயர் 4டி36இ967 என்று தொடங்கும். அதில் அப்பர்ஃபில்டர்ஸ் என்ற மதிப்பைத் திறந்தால் இரண்டு வரி:

பார்ட்மேனேஜர் டிரைவரின் சுருக்கப் பெயர் ஒன்று, அடுத்த வரியில் நம் ஆறெழுத்து ஆள்.

இரண்டாவது வரியை மட்டும் அழித்து ஓகே கொடுத்தேன். இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகள் அப்பர்ஃபில்டர்ஸை மொத்தமாக டெலீட் செய்யச் சொல்கின்றன. சிடி டிரைவ் காணாமல் போன பழைய பிரச்சினைக்கு அந்த வைத்தியம் பலிக்கும், வட்டு வகையில் அதைச் செய்தால் பார்ட்டிஷன்களைப் படிக்கும் டிரைவரும் சேர்ந்து போய் அதே 7பி-யில் முடியும். 71ஏ27சிடிடி என்று தொடங்கும் வால்யூம் வகையிலும் பார்த்தேன். அங்கே விண்டோஸின் வால்ஸ்னாப் மட்டும் இருந்தது, தொடவில்லை.

பிறகு சர்வீசஸ் கிளையில் ஆறெழுத்துப் பெயர். ஸ்டார்ட் மதிப்பு 0. பூட் லோடரே நேரடியாக ஏற்றும் டிரைவர் என்று அர்த்தம். அதனால்தான் விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே பிழை வந்தது. இதே டிரைவர் 3 என்ற மதிப்பில் இருந்திருந்தால் விண்டோஸ் பாட்டுக்கு எழுந்திருக்கும், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 52 மட்டும் காட்டியிருக்கும். 0-வை 4 ஆக்கினேன், அதாவது முடக்கம். கிளையை அழிக்கவில்லை. ஏதாவது கோளாறு என்றால் திரும்ப 0 போட்டுவிடலாம். அன்லோட் ஹைவ் கொடுத்து, பென்டிரைவைப் பிடுங்கி, ரீஸ்டார்ட்.

நீலத் திரை இல்லை. சுற்றும் புள்ளிகள், லாக் ஸ்கிரீன், எல்லாம் வந்தது. அண்ணன் டீ சொல்லி அனுப்பினார்.

கீபோர்டு வேலை செய்யவில்லை.

யுஎஸ்பி கீபோர்டை வேறு போர்ட்டில் மாற்றிப் போட்டாலும் இல்லை. பழைய பிஎஸ்/2 கீபோர்டு ஒன்றைச் செருகினாலும் இல்லை. கேப்ஸ் லாக் விளக்குகூட எரியவில்லை. பயாஸுக்குள் போனால் அதே கீபோர்டு ஜம்மென்று ஓடுகிறது. அதாவது கீபோர்டு நல்லது, விண்டோஸில்தான் அடைப்பு. வட்டை உறைய வைக்கும் மென்பொருள் சும்மா இருக்குமா, வாடிக்கையாளர்கள் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்திவிடக் கூடாது என்று கீபோர்டுக்கும் ஒரு ஃபில்டரை வேறு பெயரில் போட்டிருக்கிறது. அதற்கும் அதே வீட்டுச் சான்றிதழ். அது பூட் லோடர் ஏற்றும் வகையில்லை என்பதால் நீலத் திரை வரவில்லை, விண்டோஸ் வந்த பிறகு ஏற்ற மறுத்திருக்கிறது. இத்தனை நேரம் 7 வழியாக வந்தபோது சோதனை நிறுத்தப்பட்டிருந்ததால் கீபோர்டு ஓடிக்கொண்டிருந்தது.

நல்லவேளை மவுஸ் ஓடியது. லாகின் திரையின் வலது கீழ் மூலையில் ஈஸ் ஆஃப் ஆக்சஸ் படத்தைச் சொடுக்கி, ஆன்-ஸ்கிரீன் கீபோர்டை எடுத்து, எழுத்து எழுத்தாகச் சொடுக்கிக் கடவுச்சொல்லைப் போட்டேன். டிவைஸ் மேனேஜரில் இரண்டு கீபோர்டிலும் மஞ்சள் முக்கோணம், கோட் 52. இப்போது வட்டு உறைந்திருக்கவில்லை, ஆகவே உள்ளிருந்தே திருத்தலாம். கீபோர்டு வகை 4டி36இ96பி என்று தொடங்கும். அதன் அப்பர்ஃபில்டர்ஸில் கேபிடிகிளாஸ் என்பது விண்டோஸுடையது, அது இருந்தே ஆக வேண்டும். அதோடு இருந்த இன்னொரு வரியை எடுத்தேன். ரீஸ்டார்ட். கீபோர்டு வந்தது. மவுஸ் வகையையும் திறந்து பார்த்துக்கொண்டேன், அதில் கை வைக்கவில்லை.

மிச்ச வேலைகள் வேகமாக முடிந்தன. பிஎன்பியூட்டில் கட்டளை கொண்டு, விண்டோஸ் டிரைவர்களைச் சேமித்து வைக்கும் டிரைவர் ஸ்டோரில் இருந்த அதன் நிறுவல் கோப்புகளை (ஓஇஎம் ஐஎன்எஃப்) நீக்கினேன், எஸ்சி டெலீட் கொடுத்து இரண்டு சர்வீஸையும் அழித்தேன், டாட் சிஸ் கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி ஒரு பூட் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டேன். எஸ்எஃப்சி ஸ்கேன் சுத்தமாக வந்தது.

ஒன்றைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்: சான்றிதழ். சர்ட்எல்எம் கன்சோலைத் திறந்து பார்த்தால், 2040 வரை செல்லும் அதே வீட்டுச் சான்றிதழ் 'நம்பகமான ரூட்' பட்டியலிலும் 'நம்பகமான வெளியீட்டாளர்' பட்டியலிலும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. நிறுவும்போது எச்சரிக்கைப் பெட்டி வராமல் இருக்க அதை அங்கே சேர்த்திருக்கிறார்கள். கெர்னல் இந்தப் பட்டியலை மதிப்பதில்லை, அதற்கு உள்ளேயே வேறு கணக்கு இருக்கிறது. அதனால்தான் ரூட்டில் இருந்தும் பூட் நின்றது. ஆனால் விண்டோஸின் மற்ற பகுதிகள் மதிக்கும். இந்தச் சான்றிதழின் ரகசியச் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர் எந்த வங்கியின் பெயரிலும் ஒரு வலைத்தளச் சான்றிதழ் செய்து நீட்டலாம், பல பிரவுசர்கள் பச்சைக்கொடி காட்டும். டிரைவரைவிட எனக்கு இதுதான் அதிகம் உறுத்தியது. இரண்டு இடத்திலும் நீக்கினேன்.

கடைசியாக, பிசிடிஎடிட் வழியாக டெஸ்ட்சைனிங் என்ற மதிப்பையே டெலீட் செய்தேன். 'நோ' என்று இருந்தாலே போதும்தான், ஆனால் அடுத்து வருபவர் அந்த வரியைப் பார்த்துக் குழம்பக் கூடாது. உறைந்து கிடந்த காலம் முழுவதும் விண்டோஸ் அப்டேட் எதுவும் நிலைத்திருக்கவில்லை என்பதால் அதை ஓட விட்டுவிட்டு வந்தேன். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இந்த ஐ3-இல் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதுவரை வந்தவையாவது உள்ளே இருக்கட்டும்.

அண்ணனின் கேள்வி நியாயமானது: "அப்ப கடைக்கு வர்றவங்க போட்டுட்டுப் போற குப்பையை யாரு அள்றது?" விண்டோஸிலேயே யூனிஃபைட் ரைட் ஃபில்டர் என்று கையொப்பமிட்ட, இதே வேலையைச் செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் கிடைக்கும். அவரிடம் இருப்பது ப்ரோ. விருந்தினர் கணக்கு என்ற பழைய வசதியையும் விண்டோஸ் 10-இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே வாடிக்கையாளர்களுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு, அதில் பிரவுசர் விருந்தினர் முறையில் மட்டும் திறக்கும்படி ஒரு ஷார்ட்கட், லாக்ஆஃப் ஆகும்போது டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் என்று அமைத்துக் கொடுத்தேன். வெளி ஹார்ட்டிஸ்கில் முழு இமேஜ் ஒன்றும் எடுத்து வைத்தேன். உறைய வைக்கும் மென்பொருளே வேண்டும் என்றால் காசு கொடுத்து அசலை வாங்குங்கள் அண்ணே, அதன் டிரைவரில் முறையான கையொப்பம் இருக்கும் என்றேன். விலை கேட்டார், பதில் சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டார்.

மற்ற நான்கு சிஸ்டங்களிலும் பிசிடிஎடிட் அடித்துப் பார்த்தேன். நான்கிலும் டெஸ்ட்சைனிங் யெஸ். மூலையில் எழுத்தும் இருந்தது, பையன் இன்னும் அவற்றில் கை வைக்கவில்லை. இவற்றில் வேலை சுலபம், பூட் ஆகும் நிலையில்தான் இருக்கின்றன. பென்டிரைவ் வழியாகப் போய் வட்டு, கீபோர்டு இரண்டு ஃபில்டர்களையும் ஒரே தடவையில் எடுத்து, சர்வீஸ்களை முடக்கி, விண்டோஸ் நல்லபடி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் டெஸ்ட்சைனிங்கைத் தொட வேண்டும். கடைக்கு ஞாயிறு விடுமுறை, அன்றைக்குச் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அதுவரை மூலையில் இருக்கும் எழுத்தை யாரும் எடுக்கக் கூடாது என்று அண்ணன் ஒவ்வொரு மானிட்டரிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்.